கடன்காரர் ஒரு பக்கம், இனவாதம் மறுபக்கம்: இலங்கை வாக்காளருக்கு என்ன மிஞ்சியது?

கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். அரசறிவியல் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "உலகமயமாக்கல் நாடுகளுக்கு நடுவிலுள்ள வேலிகளைப் பிடுங்குகிறது. இனவாதம் புதிது புதிதாக வேலி போடுகிறது. எதிரெதிராகப் போகிற இந்த இரண்டும் ஜனநாயகத்தைக் கெடுக்கின்றன என்று ஒரே மூச்சில் சொல்கிறார்களே, அது எப்படி? இரண்டில் எது கூடுதல் ஆபத்து?"

இதற்குத் தூரத்தில் உதாரணம் தேட வேண்டியதில்லை. இலங்கையின் கதையிலேயே பதில் இருக்கிறது. நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன். படித்தது பாதி, பட்டது பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்தல் என்று ஒன்று நடத்த இரண்டு விஷயங்கள் தெளிவாக இருக்க வேண்டும். வாக்குப் போடும் "நாங்கள்" யார் என்பது ஒன்று. அந்த வாக்கால் எதையெல்லாம் மாற்றலாம் என்பது மற்றது. இனவாதம் முதலாவதில் கை வைக்கிறது. ஊரில் பாதிப் பேரைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டு, மிச்சப் பேரின் பெரும்பான்மையை மக்கள் தீர்ப்பு என்கிறது. உலகமயமாக்கல் இரண்டாவதில் கை வைக்கிறது. எல்லோரும் வாக்குப் போடலாம், ஆனால் வரி எவ்வளவு, மானியம் யாருக்கு, கடனை எப்போது கட்டுவது என்பதெல்லாம் வாக்குப் பெட்டிக்கு எட்டாத இடத்தில் முடிவாகிவிடும். இலங்கையில் இந்த இரண்டும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. ஒன்று திறந்துவிட்ட வாசலால் மற்றது உள்ளே வந்தது.

இனவாதம் என்று நான் சொல்வது மொழிப்பற்றையோ சமயப் பற்றையோ அல்ல. என் மொழியில் என் பிள்ளை படிக்க வேண்டும், என் ஊர்க் கச்சேரியில் (அரசாங்க அலுவலகத்தில்) என் மொழியில் கடிதம் எழுத வேண்டும் என்று கேட்பது ஜனநாயக உரிமை. அடுத்தவருக்கு அதே உரிமை இருக்கக் கூடாது என்று சட்டம் போடும் இடத்தில்தான் இனவாதம் தொடங்குகிறது.

இனி மலையகத்துக்குப் போவோம்.

இலங்கையில் வயது வந்த ஆண், பெண் எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்தது 1931இல். ஆசியாவிலேயே முதலில் கிடைத்த இடங்களில் ஒன்று. பிரிட்டனில் பெண்களுக்கு ஆண்களோடு சமமான வாக்குரிமை வந்து மூன்றே வருடங்கள் ஆகியிருந்தன. அப்போதே மலைநாட்டுத் தோட்டங்களில் இலட்சக்கணக்கான தமிழர்கள் இருந்தார்கள். கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் பிரிட்டிஷ் முதலாளிகள் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். லண்டன் சந்தைக்குத் தேயிலை வேண்டும், அதற்குக் கைகள் வேண்டும், ஆகவே ஒரு சனக்கூட்டமே கடல் கடந்து மலையேறியது. உலகமயமாக்கல் என்ற சொல் வருவதற்கு நூறு வருடங்களுக்கு முன்பே நடந்த உலகமயமாக்கல் அது.

1947 தேர்தலில் இந்த மக்கள் தங்களுடைய பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். வேறு சில தொகுதிகளில் இவர்களுடைய வாக்குகள் இடதுசாரிகள் வெல்ல உதவின. அடுத்த வருடமே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பனோ, தகப்பனின் தகப்பனும் பாட்டனுமோ இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி காட்டு என்றால், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து லயத்தில் செத்தவர்களின் பிள்ளை எதைக் காட்டும்? சுமார் 7 இலட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். 1949இல் வாக்காளர் பட்டியலிலிருந்தும் அவர்கள் பெயர் போயிற்று.

இதில் பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. அன்றைய அரசியலமைப்பில் தொகுதிகளின் எண்ணிக்கை வாக்காளர் தொகையை வைத்துப் போடப்படவில்லை. மாகாணத்தில் வாழும் சனத்தொகையை வைத்துப் போடப்பட்டது. ஆகவே மலைநாட்டுக்கு எத்தனை ஆசனம் என்று எண்ணும்போது தோட்டத் தமிழரும் தலைக்கணக்கில் சேர்ந்தார்கள். அந்த ஆசனத்துக்கு யார் போவது என்று தீர்மானிக்கும்போது அவர்கள் இல்லை. 1952இல் தோட்டத் தமிழரின் தலைகளால் கிடைத்த ஆசனங்களை மற்றவர்களின் வாக்குகள் நிரப்பின. தேர்தல் நடந்தது, எண்ணிக்கை சரியாக இருந்தது, சட்டப்படி எந்தப் பிழையும் இல்லை. லண்டனில், அன்று இலங்கைக்கு இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த பிரிவிக் கவுன்சில் வரை வழக்குப் போய், 1953இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று.

யாழ்ப்பாணத்தார் இதில் கை சுத்தமானவர்கள் என்று சொல்ல முடியாது. தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம் அரசாங்கத்தில் சேர்ந்து அமைச்சரானார். 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தை ஆதரித்தார். செல்வநாயகம் அதனால் பிரிந்துபோய்த் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். தோட்டத்துத் தமிழன் வேறு, நாங்கள் வேறு என்ற நினைப்பு எங்கள் பக்கத்திலும் இருந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லக் கூடாது.

1956 எல்லோருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். பண்டாரநாயக்க தனிச் சிங்களம், அதாவது சிங்களம் மட்டுமே அரச மொழி என்றார். அதுவரை இரு மொழி என்று சொல்லிவந்த ஐக்கிய தேசியக் கட்சி, தேர்தலுக்குச் சற்று முன் களனி மாநாட்டில் தானும் தனிச் சிங்களம் என்றது. போட்டி இப்படித்தான் தொடங்கியது. 1957இல் பண்டாரநாயக்கவும் செல்வநாயகமும் தமிழருக்கு ஓரளவு அதிகாரம் தரும் ஒப்பந்தம் செய்தபோது எதிர்க்கட்சியிலிருந்த ஜே.ஆர். ஜெயவர்த்தன அதற்கு எதிராகக் கண்டிக்கு நடைபயணம் போனார். 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமரின் வீட்டு வாசலில் உட்கார்ந்தார்கள், ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அடுத்த மாதம் தமிழருக்கு எதிரான கலவரம். சமரசம் பேசுகிறவன் அடுத்த தேர்தலில் தோற்பான் என்ற பாடத்தைச் சிங்களக் கட்சிகள் இரண்டும் அன்று படித்துக்கொண்டன.

1977க்கு வருவோம். இரண்டு பூதங்களும் ஒரே வீட்டில் குடியிருந்த காலம் அது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

70களின் முற்பகுதியில் சிறிமாவோ அரசு இறக்குமதிகளை இறுக்கிப் பிடித்தது. பாணுக்கு வரிசை, துணிக்கு வரிசை என்று தெற்கில் சனம் திட்டித் தீர்த்தது. ஆனால் யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்கு அது பொற்காலம். செத்தல் மிளகாயும் வெங்காயமும் வெளியிலிருந்து வரவில்லை, எங்கள் சாமானுக்கு கொழும்பில் வைத்த விலைதான். வன்னியில் விசுவமடு, முத்தையன்கட்டு என்று படித்த வாலிபர் திட்டங்களில் காணி கிடைத்த பொடியன்கள் மிளகாய் போட்டு வீடு கட்டிய கதைகளை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அதே அரசுதான் 1972 அரசியலமைப்பில் சிறுபான்மையினருக்கு இருந்த பாதுகாப்புப் பிரிவை எடுத்துவிட்டது, பல்கலைக்கழக அனுமதியில், தமிழ் மாணவருக்கு வெட்டுப்புள்ளியை உயர்த்திய தரப்படுத்தலைக் கொண்டுவந்தது. உத்தியோகக் கதவு மூடிய நேரத்தில் மண் கை கொடுத்தது.

1977 யூலையில் ஜே.ஆர். வந்தார். வாக்கில் கிடைத்தது ஏறத்தாழ 51 சதவீதம், ஆசனத்தில் 168க்கு 140. உலக வங்கி, சர்வதேச நாணய நிதியம் ஆகியவற்றின் ஆதரவோடு பொருளாதாரம் திறக்கப்பட்டது. கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. அரிசிப் பங்கீடு போய் உணவு முத்திரை வந்தது. இறக்குமதி மிளகாயும் வெங்காயமும் கப்பலில் வந்து இறங்கின. படித்துவிட்டு உத்தியோகம் கிடைக்காமல் மண்வெட்டி பிடித்த அந்த வாலிபர்களுக்கு இப்போது அதுவும் போயிற்று. தெற்கில் கைத்தறி நெய்தவர்களும் நொந்துபோனார்கள். திறந்த பொருளாதாரம் எல்லோருக்கும் கேடு என்று நான் சொல்ல வரவில்லை. ஆடைத் தொழிற்சாலைகள் கிராமத்துப் பெண்பிள்ளைகளின் கையில் முதன்முதலாகச் சம்பளம் கொடுத்தன. அது பெரிய விஷயம். ஆனால் யாருக்கு நட்டம் வருகிறதோ அவர்களைக் கேட்டு எதுவும் நடக்கவில்லை. நட்டப்பட்டவர்கள் வாய் திறந்தபோது என்ன நடந்தது என்பதைப் பாருங்கள்.

1980 யூலையில் வேலைநிறுத்தம். சுமார் 40,000 பேர் ஒரேயடியாக வேலையிலிருந்து தூக்கப்பட்டார்கள். அதே வருடம் சிறிமாவோவின் குடியுரிமைகள் 7 வருடத்துக்குப் பறிக்கப்பட்டன. 1981இல் யாழ்ப்பாணத்தில் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல், அதையொட்டி நூலகம் எரிந்தது. 1982 டிசம்பர் 22இல் சர்வஜன வாக்கெடுப்பு: பாராளுமன்றத் தேர்தலே வேண்டாம், இருக்கிற பாராளுமன்றம் இன்னும் ஆறு வருடம் இருக்கட்டும், சம்மதமா? விளக்குச் சின்னம் ஆம், குடம் இல்லை. அவசரகாலச் சட்டத்தின் கீழ் விளக்கு வென்றது. யாழ்ப்பாணம் குடத்துக்குப் போட்டது. ஏழு மாதம் கழித்து 1983 யூலை, தமிழருக்கு எதிரான பெரும் கலவரம்.

இவற்றைத் தனித்தனிச் சம்பவங்களாகப் படித்தால் ஒன்றும் விளங்காது. வேலைநிறுத்தம் செய்தவர்களை அடிக்க ஆளும் கட்சியின் தொழிற்சங்கமான ஜாதிக சேவக சங்கமயவின் ஆட்கள் இறக்கப்பட்டார்கள். தமிழர்களைத் தாக்கியதிலும் அந்தச் சங்கத்துக்காரர்களின் பெயர் அடிபட்டது. அதன் தலைவர் சிறில் மத்தியூ கைத்தொழில் அமைச்சர். முதலீட்டாளருக்கு அமைதியான நாடு காட்ட வேண்டும், ஆகவே தொழிற்சங்கத்தை நசுக்கு. நசுங்கிய சிங்களத் தொழிலாளிக்கும் சிறு வியாபாரிக்கும் கோபம் வரும், ஆகவே அந்தக் கோபத்துக்குத் தமிழனைக் காட்டு. இது முழுக்கத் திட்டமிட்டு நடந்தது என்று நான் வாதிட மாட்டேன். ஆனால் ஒரே அரசு, ஒரே ஆட்கள், மூன்று வருட இடைவெளி. தேர்தல் நடந்திருக்க வேண்டிய வருடத்தில் கலவரம் நடந்தது.

போர்க்காலத்தை நீட்ட விரும்பவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் நடந்ததைச் சொல்லாமல் தாண்டினால் இந்தப் பதில் நேர்மையாக இருக்காது. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். அதே மொழி பேசுகிறவர்கள், அடுத்த தெருக்காரர்கள். தமிழ்த் தலைவர்களான அமிர்தலிங்கத்தையும் நீலன் திருச்செல்வத்தையும் கொன்றார்கள். 2005 ஜனாதிபதித் தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். யாழ் மாவட்டத்தில் நூற்றுக்கு ஒருவர், இருவர்தான் போனார்கள். மகிந்த ராஜபக்ச ஏறத்தாழ 1,80,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தென்னிலங்கைச் சட்டம் மலையகத்தாரிடம் பறித்த வாக்கை, எங்கள் சொந்த இயக்கம் எங்களிடம் பறித்தது. "நாங்கள்" என்பதற்குள் ஒருவர் மட்டும்தான் பேசலாம் என்றான பிறகு, அந்த "நாங்கள்" எவ்வளவு பெரிதாக இருந்தும் என்ன பயன்?

அப்புறம் கடன். இலங்கை சர்வதேசச் சந்தையில் முதல் டொலர் பிணைமுறியை (கடன் பத்திரத்தை) விற்றது 2007 அக்டோபரில், 50 கோடி டொலருக்கு. போர் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். உலக வங்கிக் கடன் வட்டி குறைந்தது, ஆனால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். பிணைமுறிச் சந்தை வட்டி மட்டும்தான் கேட்கும். போர் வெற்றியால் கிடைத்த சிங்கள ஆதரவில் ராஜபக்ச ஆட்சி துறைமுகம், விமான நிலையம் என்று கட்டியது. கணக்குக் கேட்டவன் தேசத்துரோகி ஆனான். இனவாதம் செய்யும் மிகப் பெரிய உதவி இதுதான்: கணக்குக் கேட்கும் வாயை அது மூடிவிடும். 2022 வரும்போது பிணைமுறிக் கடன் மட்டும் சுமார் 1,250 கோடி டொலர். அந்தப் பத்திரங்கள் நியூயோர்க் சட்டத்தின் கீழ் எழுதப்பட்டவை. தகராறு வந்தால் நீதிமன்றம் கொழும்பில் அல்ல, நியூயோர்க்கில்.

2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு மகிந்தவின் தம்பி கோத்தாபய ஜனாதிபதித் தேர்தலில் பாதுகாப்பைச் சொல்லி வென்றார். வந்த கையோடு பெறுமதி சேர் வரியை 15இலிருந்து 8 சதவீதமாக வெட்டினார். 2020இல் கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களைக் கட்டாயமாக எரித்தார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் 2021 பெப்ரவரி வரை விடவில்லை. நாடு அதைப் பேசிக்கொண்டிருந்த மாதங்களில்தான் டொலர் கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. கடன் தரமதிப்பு விழுந்து, சந்தையில் புதுக்கடன் கிடைக்காமல் போயிருந்தது. 2021இல் இரவோடு இரவாக இரசாயன உரத் தடை. 2022 ஏப்ரல் 12இல் வெளிக்கடன் கட்ட முடியாது என்று அறிவிப்பு.

கோத்தாபய போக வேண்டும் என்று கொழும்பு காலிமுகத்திடலில் சனம் கூடியபோது எனக்கு உண்மையிலேயே நம்பிக்கை வந்தது. அந்த மே 18இல் அங்கே முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்து, போரின் முடிவில் அங்கே செத்த தமிழரை நினைவுகூர்ந்தார்கள். சிங்கள இளைஞர்கள் அந்தக் கஞ்சியை வாங்கிக் குடித்தார்கள். ஆனால் வடக்கு பெரும்பாலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. காரணம் இருக்கிறது. 90களில் பொருளாதாரத் தடையின்போது நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம், மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அன்று எங்களுக்காக எவரும் திடலுக்கு வரவில்லை. அந்த மனத்தாங்கலை நான் பிழை என்று சொல்ல மாட்டேன். அதற்கு நாங்கள் எல்லோரும் கொடுத்த விலையை மட்டும் சொல்கிறேன்.

யூலையில் கோத்தாபய ஓடினார். பாராளுமன்றத்தில் 134 வாக்குகளால் ரணில் ஜனாதிபதியானார். 2023 மார்ச் 20இல் நாணய நிதியம் சுமார் 300 கோடி டொலர் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. இலங்கைக்கு அது 17ஆவது திட்டம். பெறுமதி சேர் வரி 8இலிருந்து படிப்படியாக ஏறி 2024 ஜனவரியில் 18 ஆனது. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது வங்கிகளின் திறைசேரி முறிகளைத் தொடவில்லை. தொழிலாளியின் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியைத் தொட்டார்கள். குறைந்த வட்டிக்கு மாற்றிக்கொள், இல்லாவிட்டால் 14 சதவீத வரி 30 ஆகும் என்றார்கள். தனியார் வங்கியில் நிலையான வைப்பு வைத்திருந்தவர் தப்பினார், தேயிலை கொய்தவர் சுமந்தார். இதை எதிர்த்துத் தொழிற்சங்கங்கள் தனித்தனியாகக் கத்தின. சிங்களத் தொழிலாளி, தமிழ்த் தொழிலாளி, முஸ்லிம் தொழிலாளி என்று எல்லோரும் சேர்ந்து நிற்கக்கூடிய ஒரு மேடையை 70 வருடத்தில் நாம் கட்டவே இல்லையே.

2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல். 19ஆம் திகதி, அதாவது வாக்களிப்புக்கு இரண்டு நாள் முன்பு, பிணைமுறிக்காரர்களோடு கொள்கையளவில் உடன்பாடு என்று அரசு அறிவித்தது. நாட்டின் உற்பத்தி நன்றாக வளர்ந்தால் கடன்காரருக்குக் கூடுதலாகக் கட்டுவது என்ற ஏற்பாடும் அதில் உண்டு. அநுர குமார திசாநாயக்க மாற்றுக் கடன் ஆய்வு செய்வோம், மீண்டும் பேசுவோம் என்று சொல்லித்தான் வாக்குக் கேட்டார். வென்று இரண்டு வாரம் ஆவதற்குள் புதிய அரசு அந்த உடன்பாட்டை ஏற்றுக்கொண்டது. நவம்பரில் அவருடைய கட்சிக்கு 225இல் 159 ஆசனம். யாழ்ப்பாண மாவட்டத்தில்கூட அதுதான் முதலிடம். இதற்கு முன் எந்தத் தெற்குக் கட்சியும் செய்யாதது. அவர் ஏமாற்றினார் என்று நான் அவசரப்பட்டுச் சொல்ல மாட்டேன். மறுத்திருந்தால் மருந்துக்கும் எரிபொருளுக்கும் மறுபடி வரிசை வந்திருக்கலாம். அதுதான் இதிலுள்ள கொடுமையே. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பெரும்பான்மை கிடைத்த அரசுக்கும் அந்த இடத்தில் கை நீளவில்லை.

சரி, எது கூடுதல் ஆபத்து? என் கணிப்பில் இனவாதம்தான். கடன்காரரோடு பேரம் பேசலாம், பல நாடுகள் பேசியிருக்கின்றன. ஆனால் பேரம் பேச, பின்னால் ஒற்றுமையாக நிற்கும் சனம் வேண்டும். அந்தச் சனத்தை உடைத்துவைத்த நாடு மேசைக்குப் போகும்போதே தோற்றுப்போய்த்தான் போகிறது. வேறு நாட்டுக் கதையில் வரிசை மாறலாம். வேலை போன ஊர்களில் இனவெறி பிறகு முளைத்த இடங்களும் உண்டு. இலங்கையில் மூத்தது இனவாதம்.

கடைசியாக மீண்டும் மலையகத்துக்கே போகிறேன், ஏனென்றால் இரண்டும் ஒரே ஆளின் தலையில் விழுவதை அங்கேதான் பார்க்கலாம். பறிபோன பிரசாவுரிமை முழுதாகத் திரும்பியது 1988, 2003 சட்டங்களால். வாக்கும் வந்தது. ஆனால் 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவால், தோட்டத்துக்குள் பிரதேச சபை காசு செலவழிக்க வழியில்லை. தோட்டம் கம்பனியின் இடம். லயத்து மக்கள் வரிசையில் நின்று சபைக்கு வாக்குப் போடலாம். அந்தச் சபையால் அவர்களுடைய பாதையில் ஒரு பள்ளத்தை மூட முடியாது. இது 2018இல்தான் திருத்தப்பட்டது. திருத்தம் வந்த பிறகு அவர்கள் வாக்களிக்க வேண்டிய முதல் உள்ளூராட்சித் தேர்தல் 2023 மார்ச் 9ஆம் திகதி நடக்க இருந்தது. நாடு வங்குரோத்தில் இருக்கிறது, தேர்தலுக்குக் காசில்லை என்றது திறைசேரி. ஒதுக்கிய பணத்தைத் தடுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டும் தேர்தல் நடக்கவில்லை. அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் தீர்ப்பும் வந்தது. பள்ளத்தை மூடக்கூடிய ஒரு சபைக்கு அந்த மக்கள் முதன்முதலாக வாக்குப் போட்டது 2025 மே 6ஆம் திகதி.